பாட்டி பெரியவரா, அருகில் நிற்பவரா?

இந்தியாவின் எந்தப் பள்ளியிலும் ‘இயற்கைக் காட்சி ஒன்று வரைக’ என்று கூறினால், பெரும்பாலான தாள்களில் ஒரே படம் தோன்றும். இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் நடுவே பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு. கரையில் ஒரு குடிசை. குடிசைக்குப் பக்கத்தில் ஒரு தென்னை. மலையையே பார்த்திராத தில்லிக் குழந்தையும் இதையே வரைகிறது. பலரும் வரைகிறார்கள் என்பதற்காக அப்படத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், அதில் மலை பெரிதாகத் தோன்றுவதில்லை. அருகிலுள்ள தென்னை தொலைவிலுள்ள மலையைவிட உயர்ந்து தெரிவது இயல்புதான். இப்படத்திலோ தென்னை அருகிலும் இல்லை; மலை தொலைவிலும் இல்லை. எல்லாம் ஒரே தடிப்புள்ள கோட்டில், ஒரே அழுத்தமான நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிவைத்தவை போல நிற்கின்றன.

தாளில் தனியே வரைந்த வட்டம் எலுமிச்சம்பழமாகவும் இருக்கலாம், முழுநிலவாகவும் இருக்கலாம். அதன்மேல் ஓர் எறும்பை வரைந்தால் அது பழமாகிவிடும். அதன்கீழ் ஒரு படகை வரைந்தால் நிலவாகிவிடும். அளவு என்பது ஒப்பீட்டில் பிறப்பது.

தில்லியிலுள்ள இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர். வளர்ந்த ஒருவரின் உயரம் ஏறத்தாழ 1.7 மீட்டர் என்று கொண்டால், வாயில் அவரைப்போல் 25 மடங்கு உயரமானது. எனவே தாளில் வாயிலை 25 சென்டிமீட்டருக்கு வரைந்தால், அதன் அடியில் நிற்பவர் 1 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். அவருக்குக் கண்ணும் மூக்கும் வரைய இடமிராது, வரையவும் வேண்டா. அச்சிறு புள்ளி போன்ற உருவமே வாயிலை உயர்த்திக் காட்டும்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சீன ஓவியர் ஃபான் குவான் இதை நன்கு அறிந்திருந்தார். மலைப்பாதையில் செல்லும் வழிப்போக்கரைப் பட்டுத்துணியில் அவர் தீட்டிய ஓவியம் இன்று தைபே நகரத்து அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. அது இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமுடையது. மேற்பகுதி முழுவதும் மலை. அடியில், தேடினால் மட்டும் கண்ணில் படும் அளவில், சுமை ஏற்றிய கோவேறு கழுதைகள் செல்கின்றன. மலைக்கும் அவற்றுக்கும் இடையே மூடுபனி. அவ்விடத்தில் அவர் ஏறக்குறைய ஒன்றும் வரையவில்லை. அந்த வெற்றிடமே தொலைவாகிவிட்டது. தாளில் காலியிடம் இருந்தால் ‘நிரப்பு, நிரப்பு’ என்று சொல்லும் பெரியவர்கள் அவ்வோவியத்தைப் பார்ப்பது நல்லது.

தொலைவைக் காட்ட இன்னொரு வழியும் உண்டு. காலை வழிபாட்டு வேளையில் சமதளமான விளையாட்டுத் திடலில் நின்று பார்த்தால் அது விளங்கும். பார்ப்பவரின் உயரமே உடைய மாணவர்கள் பத்தடி தொலைவில் நின்றாலும் நூறடி தொலைவில் நின்றாலும், அவர்களுடைய கண்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், தொடுவானக் கோட்டிலேயே அமையும். தொலைவு கூடக்கூடப் பாதங்கள்தாம் அக்கோட்டை நோக்கி மேலேறும். பலர் இதை அறியாமல், தொலைவிலுள்ளவரைச் சிறிதாக்கி, அவர் பாதத்தையும் முன்னால் நிற்பவரின் பாதத்துக்கு நேராகவே வைத்துவிடுகின்றனர். அப்போது தொலைவில் நிற்பவர் குள்ளராகிவிடுகிறார். இத்தாலியரான ஆல்பர்ட்டி 1435ஆம் ஆண்டில் எழுதிய ஓவிய நூலில் இக்கருத்தை விளக்கியுள்ளார். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் கண்மட்டம் உயர்ந்துவிடும்; திடலில் நிற்போர் அனைவரும் அக்கோட்டுக்குக் கீழே போய்விடுவர்.

இவ்விதியைக் கற்பிப்பது இன்றியமையாதது. ஆனால், இதற்கு அடங்காத படம் எல்லாம் பிழை என்று திருத்துவது சரியன்று. அஜந்தாவின் 17ஆம் குகையில் புத்தர் மிகப்பெரிய உருவமாக நிற்கிறார். அவர்முன் ஒரு தாயும் சேயும் மிகச்சிறியராய் நிமிர்ந்து பார்க்கின்றனர். யசோதரையும் இராகுலனும் என்று அவர்களைச் சொல்வர். அங்கே அளவு தொலைவைக் குறிப்பதன்று, மதிப்பைக் குறிப்பது.

ஆண்டுக்கு ஒருமுறை கோடை விடுமுறையில் மட்டும் ஊருக்குச் செல்லும் குழந்தை, தன் பாட்டியை வீட்டைவிடப் பெரியவராக வரைகிறது. திருத்துவோர் சிவப்பு மையால் சுழித்து, ‘அளவு தவறு’ என்று எழுதிவிடுகின்றனர். அப்படி எழுதுவதற்கு முன், “பாட்டி அருகில் நிற்கிறாரா, பெரியவராக இருக்கிறாரா?” என்று கேட்க வேண்டும். அருகில் நிற்கிறார் என்றால், அவருடைய பாதம் தாளின் அடிவிளிம்பை நோக்கி இறங்க வேண்டும். வீடு சற்று வெளிறிப் பின்வாங்க வேண்டும். பெரியவர் என்றால், படத்தில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. ஓவியப் போட்டிகளில் நடுவராக அமர்வோர் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. வண்ணம் கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் பார்த்துப் பரிசு வழங்குவதால்தான் முக்கோண மலைகள் ஆண்டுதோறும் வெற்றி பெறுகின்றன.

மலை இல்லாத நகரத்திலும் வரைவதற்குரிய பேருருவங்கள் உண்டு. குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டியையே வரையலாம். அதைச் சுத்தம் செய்ய ஏணியில் ஏறும் ஆளை முதலில் வரைந்துகொண்டால், தொட்டிக்குத் தாளில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.