பிடுங்கிவிட்டால் தீர்ந்ததா?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஒருவருக்குப் பல்வலி என்றால் மாத்திரைக்கு முன்னால் தீர்ப்பு வந்துவிடும். "இன்னாத்துக்கு வச்சிகினு அவஸ்தப்படுறே? புடுங்கிப் போட்டுட்டு வா, தொல்ல வுட்டுது." சொல்கிறவர் பக்கத்து லைன் வீட்டுக்காரராக இருப்பார், கூட ஷிப்டு பார்த்த பழைய சிநேகிதராக இருப்பார், பெற்ற தாயாகக்கூட இருப்பார். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். தங்கவயலில் ஐம்பது வயதிலேயே பொக்கை வாயாகிப் போனவர்களில் எத்தனையோ பேர் இந்த நல்லெண்ணத்துக்குப் பலியானவர்கள்.

பிடுங்கினால் வலி நிற்கும், உண்மைதான். தொல்லை நிற்காது. அன்றைக்குத்தான் அந்த வாயின் பெரிய செலவுக் கணக்கே திறக்கிறது.

கீழ்க் கடைவாயில் பெரிய பல் ஒன்று போய் நாலைந்து வருஷமான ஒருவரை வெயிலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். காலி இடத்துக்குப் பின்னால் இருந்த பல் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதன் அடியில் விழுந்த சந்தில் கீரை நாரும் கறித் துணுக்கும் போய் உட்கார்ந்திருக்கும். எந்த பிரஷும் அங்கே போகாது. மேல் வரிசையில் அதற்கு நேராக இருந்த பல், முட்டுக்கொடுக்கக் கீழே ஆள் இல்லாமல் மெல்ல இறங்கியிருக்கும். ஈறுக்கு வெளியே வேர் மஞ்சளாகத் தெரியும். அந்தப் பக்கம் மெல்ல முடியாமல் மனிதர் எல்லாவற்றையும் மறுபக்கமே அரைப்பார். ஆக, அந்தப் பக்கத்துப் பற்களுக்கும் தேய்மானம். போனது ஒரு பல் என்று அவர் சொல்வார். நான் எண்ணினால் மூன்று, நான்கு வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் வேறு இருக்கிறது. பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கிற தாடை எலும்பு, பல் போனதும் கரைய ஆரம்பிக்கும். முதல் 12 மாதங்களில் அந்த இடத்தின் அகலத்தில் பாதி வரை போய்விடலாம். சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாது வெட்டி எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் மேலே நிற்கும் பாறை சும்மா இருக்காது என்றுதான் கிரானைட் கல்லை அடுக்கி அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீப் சுரங்கத்தில் அந்த முட்டையும் மீறிப் பாறை வெடித்தது உண்டு. 'ஏர் பிளாஸ்ட்' என்ற பேரைக் கேட்டாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பாறைக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைத் தாடைக்கு மட்டும் மறுத்தால் எப்படி?

"அதுக்குத்தான் செட்டு இருக்கே, கட்டிக்கினா போச்சு" என்பது அடுத்த வாதம். கட்டிக்கொள்ளலாம். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி எப்படியோ நின்றுவிடும். கீழ் செட்டுதான் ஆட்டம் காட்டும். பல் செட்டுக் கட்டியவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1972இல் வெளியானது. மேல்தாடையைப் போல நான்கு மடங்கு கீழ்த்தாடை எலும்பு கரைந்திருந்தது. பிடிப்பதற்கு மேடே இல்லாத இடத்தில் செட்டு எதன்மேல் உட்காரும்? கல்யாணம், போட்டோ என்றால் வாய்க்குள்ளும் மற்ற நாளில் பீரோவுக்குள்ளும் இருக்கிற கீழ் செட்டுகள் எத்தனை!

பிரிட்ஜ் கட்டலாம் என்றால், காலி இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல பற்களைச் செதுக்க வேண்டும். இம்ப்ளாண்ட் உண்மையிலேயே அருமையான வேலை. ஸ்வீடனில் பிரானெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் திருகைப் பதித்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை அது அவர் வாயில் இருந்தது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் ஒரு இம்ப்ளாண்டுக்குப் பல ஆயிரங்கள் எடுத்து வைக்க வேண்டும். அதுவும் எலும்பு மிச்சம் இருந்தால்தான். காப்பாற்ற முடிந்த பல்லைச் சில நூறு ரூபாய்க்குப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் பொய்ப்பல் நிறுத்த அதைப்போல் பல மடங்கு கொடுப்பதை யார் சிக்கனம் என்று பேர்வைத்தது?

இதே மக்கள் மேல் பல் என்றதும் அப்படியே மாற்றிப் பேசுவதுதான் வேடிக்கை. "மேல் பல்லத் தொடாதே, கண்ணு போயிடும்." கீழ்ப் பல்லை யோசிக்காமல் பிடுங்குவார்கள், மேல் பல்லைச் சீழ் வைத்தாலும் தொடமாட்டார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. மேல் பல்லைப் பிடுங்குவதாலோ அதற்கு ரூட் கெனால் செய்வதாலோ கண் போகாது. கண்ணுக்கு ஆபத்து வருவதாக இருந்தால் சீழைக் கவனிக்காமல் விடுவதில்தான் வரும்; மேல் பல்லின் சீழ் கண்குழி வரைக்கும், அபூர்வமாக அதற்கு மேலும் ஏறிய நோயாளிகள் மருத்துவத்துக்குத் தெரிந்தவர்களே. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேண்டாததற்குப் பயப்படுகிறோம்.

இதெல்லாம் லைன் வீட்டு அறியாமை என்று யாராவது சிரித்தால் அவரையும் விடுவதாக இல்லை. பிடுங்கினால் தீர்ந்தது என்ற நம்பிக்கையை ஒருகாலத்தில் படித்த டாக்டர்களே பரப்பினார்கள். 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய பல்லுக்கு மேலே தங்கக் கேப் மாட்டி மூடுகிறார்கள், உடம்பில் வரும் பல நோய்களுக்கு அதுதான் காரணம் என்று தாக்கினார். ஜான் டெய்லர் கம்பெனி நம் ஊர்த் தங்கத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. மோசமாகச் செய்த வேலையைக் கண்டித்ததுவரை அவர் சொன்னது சரி. அதைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லைப் பிடுங்கித் தள்ளினார்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும். நோய்கள் போகவில்லை, பற்கள் போயின. இங்கிலாந்தில் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பற்களை மொத்தமாக எடுத்துச் செட்டுக் கட்டி அனுப்பும் பழக்கம்கூட இருந்தது. புருஷனுக்குப் பின்னாளில் செலவு வைக்கக் கூடாதாம்! 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணக்கெடுத்தபோது பெரியவர்களில் 37 விழுக்காட்டினருக்கு வாயில் ஒரு சொந்தப் பல்கூட இல்லை. 2009இல் எடுத்த கணக்கில் அது 6 விழுக்காடாக இறங்கியிருந்தது. நாற்பது ஆண்டில் அங்கே முதுமை ஒழிந்துவிடவில்லை. பிடுங்கும் பழக்கம் குறைந்தது, அடைத்துக் காப்பாற்றும் பழக்கம் வந்தது. "வயசானா பல்லு வுழத்தான் செய்யும்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கோலார் மாவட்டத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது என்பது இந்தியத் தர அளவு. பல் ஈறுக்குள் உருவாகிற வயதில் அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. கறை வேறு, சொத்தை வேறு. செங்கல் பொடி போட்டுத் தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் போகும்.

இனி, கஷ்டமான வாதத்துக்கு வருகிறேன். சுரங்கம் இருந்தவரை கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த நிழலும் போயிற்று. இன்று ஊரில் பாதிப் பிழைப்பு பெங்களூரில். விடியாத நேரத்தில் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கு, ரூட் கெனாலுக்கு மூன்று முறை வா என்றால் மூன்று நாள் கூலி நஷ்டம். பிடுங்குவது ஒரே நாளில் முடிகிறது. இந்தக் கணக்கை நான் குறைசொல்ல மாட்டேன். வலி வந்த பிறகு போடும் கணக்கு அது என்பதைத்தான் சொல்கிறேன். சொத்தை எனாமலைத் தாண்டி உள்ளே இறங்கும்போது ஐஸ் தண்ணீர் கூசும், இனிப்புச் சுரீரென்று இழுக்கும். அப்போது போனால் ஒரே உட்காரலில் அடைத்து அனுப்பிவிடுவார்கள். கூச்சத்துக்குக் கிராம்புத் தைலம், வீக்கத்துக்கு உப்புத் தண்ணீர் என்று ஆறு மாதம் ஓட்டி, நரம்புவரை அழுகவிட்டுப் போனால்தான் மூன்று நாள். மாரிக்குப்பம் வண்டியில் சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பெமல் நகர்; அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. "படிக்கிற பசங்க கைல வாயக் குடுக்கணுமா?" என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். கல்லூரியில் மாணவர் செய்வதை வாத்தியார் பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவார். நேரம் கூட ஆகும், காசு குறையும்.

எல்லாவற்றுக்கும் முதல் பலி அந்த ஆறு வயசுப் பல். பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே, சத்தமில்லாமல் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் அது. முன்னால் எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்றே வீட்டில் நினைப்பார்கள். "வுழுந்து மொளைக்கும் வுடு" என்று சொத்தையை விட்டுவிடுவார்கள். அது முளைக்காது. அறுபது வருஷம் மெல்ல வேண்டிய பல் பன்னிரண்டு வயதில் பிடுங்கப்படுகிறது.

அரசாங்கமும் நம்மைப் போலவே யோசிக்கிறது. ஏழை முதியவர்களுக்கு இலவசமாகப் பல் செட்டுக் கட்டிக்கொடுக்கக் கர்நாடகம் 'தந்த பாக்ய' திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பல்லெல்லாம் போனவருக்குச் செட்டு இலவசம் என்றால், நாற்பது வயதுக்காரரின் ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றும் ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் அதே கஜானாவிலிருந்து ஏன் கொடுக்கக் கூடாது? ஓட்டுக் கேட்டு லைனுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறோம், வீட்டுக்குப் பட்டா கேட்கிறோம். இதை ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பல் என்றால் பிடுங்கத்தான் என்று நம்புகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?