நித்யகல்யாணி வேர்: கஷாயம் வைத்துக் குடிக்கலாமா?

''ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நித்யகல்யாணி போட்டிருக்கிறேன். ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் ஊசி மருந்து இதன் வேரிலிருந்து தயாராகிறது என்று வியாபாரி சொல்கிறார். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போகிறது என்கிறார். வேரைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா? அறுவடையை எப்போது செய்வது?''

- வாசகர், விளாத்திகுளம்.

கஷாயம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மை. வேரில் 'அஜ்மலிசின்' என்ற சத்து இருக்கிறது. 'ரௌபாசின்' என்றும் சொல்வார்கள். இது ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தைக் கூட்டும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால், இந்தச் செடியிலிருந்து வரும் பெயர்பெற்ற ஊசி மருந்துகள் வேறு. இலையிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் இரண்டும் புற்றுநோய்க்கானவை. ஒரு டன் காய்ந்த இலையில் வின்கிறிஸ்டின் சில கிராம்தான் தேறும். அதையும் மில்லிகிராம் கணக்கில், மருத்துவமனையில் வைத்துத்தான் ஏற்றுவார்கள்.

இந்த இலைக்கும் சர்க்கரை நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். அதைக் கேள்விப்பட்டு, 1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளில் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டதும் வெள்ளையணுக்கள் சரிந்து, நோய்த்தொற்றில் எலிகள் இறந்தன. அந்தக் குணம்தான் பிறகு புற்றுநோய் மருந்தானது.

கஷாயத்தில் எந்தச் சத்து எவ்வளவு இறங்குகிறது என்று நம்மால் அளக்க முடியாது. அப்பா ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால், அழுத்தம் திடீரென இறங்கி மயங்கி விழலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். கை, கால் நரம்புகளை மரத்துப்போகச் செய்வது வின்கிறிஸ்டினின் முக்கியமான பக்கவிளைவு.

சர்க்கரை நோயில் பாதம் மரப்பதற்கு ரத்த ஓட்டம் மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் நரம்பு பாதிப்புதான் காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதத்தின் உணர்வையும் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். வயலில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள். ஆறாத புண், விரல் கறுத்தல், பாதம் சில்லிடுதல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி அறுவடை. விதைத்த 6-ம் மாதம் ஒருமுறை, 9-ம் மாதம் ஒருமுறை இலை பறிக்கலாம். 12-ம் மாதம் மூன்றாவது பறிப்பு. அதன்பிறகு, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தண்டை அறுத்துவிட்டு, உழுது வேரைச் சேகரியுங்கள். மானாவாரியில் ஏக்கருக்குக் காய்ந்த இலை சுமார் 800 கிலோ, வேர் 300 கிலோ வரை எதிர்பார்க்கலாம். வேரை மண்போகக் கழுவி, இலையோடு கலக்காமல் நிழலில் உலர்த்துங்கள். களத்துப் பக்கம் குழந்தைகளும் ஆடு, மாடுகளும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேருக்கு ஒரு விலை, இலைக்கு ஒரு விலை என்று வியாபாரியிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேர் ஆலைக்குப் போகட்டும்; அடுப்புக்கு வேண்டாம்.