மூச்சுப் பயிற்சியா, கூடுதல் ஆளா?

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் வந்த, செவிலியரின் மன உறுதி பற்றிய கட்டுரை, மூச்சுப் பயிற்சிக்குத் தந்த இடத்தை ஆள் பற்றாக்குறைக்குத் தரவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளைப் பார்த்தது. அதன்படி, செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் வேலையில் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது; அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் செவிலியர் ஒருவருக்கு இத்தனை நோயாளிதான் என்பது 2004 முதல் நடைமுறையில் உள்ள விதி. யோகா வகுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை (இரவுப் பணி முடித்தவர் அதற்கு எப்போது வருவார்?). ஆனால் எட்டுப் பேர் வேலையை ஐந்து பேரிடம் கொடுத்துவிட்டு உறுதியாக இருக்கச் சொல்வது நியாயமா? கட்டுரையாளரை இதுபற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

- வாசகி, திருச்சி