உங்க நம்பர் என்ன பாஸ்?

அடுத்த தடவை வேலப்பன்சாவடி ஸ்டாப்ல பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறப்ப, உங்க ஹால் டிக்கெட்டை எடுத்துப் பாருங்க. அண்ணா யுனிவர்சிட்டி குடுத்த 12 இலக்க ரிஜிஸ்டர் நம்பர் இருக்கும். முதல் நாலு இலக்கம் காலேஜ். அடுத்த ரெண்டு, சேர்ந்த வருஷம். அதுக்கடுத்த மூணு டிபார்ட்மென்ட்... 114-ன்னா நம்ம மெக்கானிக்கல் கோஷ்டி. கடைசி மூணுதான் நீங்க!

இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் விமானத்துல எழுதி வெச்சாங்க. படை வீரர்களையும் சரக்கையும் சுமந்த மூணு இன்ஜின் ‘யுங்கர்ஸ் 52’ இருக்கே, அதோட பக்கவாட்டுல பெருசா ஒரு சிலுவைக் குறி. அதுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து, பின்னாடி ரெண்டு. முதல் ரெண்டு எந்தப் படைப்பிரிவுன்னு சொல்லும். ‘1இசட்’னு இருந்தா அது ஒரு போக்குவரத்துப் படைப்பிரிவோட விமானம். மூணாவது எழுத்து அந்த விமானத்தோட சொந்தப் பேரு மாதிரி. நாலாவது, படைக்குள்ள எந்தச் சின்னப் பிரிவுன்னு காட்டும். பழைய ஃபோட்டோவுல இந்த நாலும் தெளிவா இருந்தா, பாதி ஜாதகம் கையில!

ஆனா, பெயின்ட்டை மட்டும் நம்பி ஏமாந்துடக் கூடாது. 2018-ல நம்ம விமானப் படைக்கு ‘பரசுராமா’ன்னு ஒரு பழைய டகோட்டா வந்து சேர்ந்துச்சு. அதுல எழுதியிருக்கற நம்பர் ‘விபி 905’. 1947 அக்டோபர் 27-ல ஸ்ரீநகருக்கு முதல்ல படையைக் கொண்டுபோன டகோட்டாவோட நம்பர் அது. மரியாதைக்காக அந்த நம்பரை இதுக்குச் சூட்டியிருக்காங்க. கதை தெரியாதவன் பார்த்தா, ரெண்டும் ஒண்ணுன்னு அடிச்சுச் சொல்வான்!

சரி, நம்பரே கண்ணுல படலைன்னா?

2016 ஜூலை 22. தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின விமானப் படையோட ஏ.என்-32, வங்கக் கடலுக்கு மேல காணாமப் போச்சு. நம்பர் கே-2743. உள்ளே 29 பேர். நான் அப்ப ஆறாவது படிச்சேன். நாள் கணக்கா டி.வி-யில அந்தக் கடல் மேப்பையே காட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு. கப்பல், விமானம்னு தேடியும் ஒண்ணும் கிடைக்கலை.

ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில பதில் வந்துச்சு. பள்ளிக்கரணையில இருக்கற என்.ஐ.ஓ.டி. நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையைத் தாண்டி நடுக்கடல்ல, 3,400 மீட்டர் ஆழத்துல சிதைவுகளைப் படம் பிடிச்சிருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் ரெண்டு விஷயம் சொன்னது. ஒண்ணு, படங்கள் ஏ.என்-32-வோட பொருந்துது. ரெண்டு, அந்த ஏரியாவுல வேற எந்த விமானமும் காணாமப் போனதா பதிவே இல்லை. அதனால இது கே-2743 ஆகத்தான் இருக்கணும்.

அந்த ரெண்டாவது காரணத்தைக் கவனிச்சீங்களா? எது கிளம்புச்சு, எது திரும்பி வந்துச்சு, எது வரலைன்னு யாரோ ஒழுங்கா எழுதி வெச்சிருந்ததாலதான் அப்படிச் சொல்ல முடிஞ்சது. 29 குடும்பங்களோட காத்திருப்புக்குப் பதில் சொன்னதுல, அந்த ரெஜிஸ்டருக்கும் பங்கு இருக்கு.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஃப்ரெண்டுக்காக நானும் ‘பிரசென்ட் சார்’ குரல் குடுத்த ஆளுதான். லேப்ல ரீடிங்கைப் பார்க்காமலே ரெக்கார்டை ரொப்பினவன்தான். ஆனா, கே-2743 பத்திப் படிச்சதுக்கப்புறம், வேற ஒருத்தன் நம்பருக்குக் கை தூக்க மனசு வரலை.

ஸாரி மச்சான்... இனிமே உன் நம்பருக்கு நீயே வந்து குரல் குடு!