படம் வந்தால் போதுமா, ஆசிரியர்களே?

கொஞ்சம் நீளமான பதிவு. கணிதம், பௌதிகவியல், தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களும் உயர்தரத்தில் பிள்ளை படிக்கிற பெற்றோரும் கடைசி வரை வாசியுங்கள். அதற்குப் பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வெல்லாவெளிப் பக்கம் போய்ப் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். எங்கள் காதில் அடிக்கடி விழுகிற இரண்டு வசனங்களுக்கு இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று: "படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு சேர், பாஸ் பண்ணினால் காணும்." இரண்டாவது, செயலமர்வுகளில் வளவாளர்கள் வாயிலிருந்து வருவது: "கோட் இருக்கு, கொப்பி பண்ணி ஓட விடுங்க, படம் வந்தால் சரி."

முதலாவது வசனம் பிள்ளையை அவமதிக்கிறது. இரண்டாவது பாடத்தையே அவமதிக்கிறது. எங்களுக்குக் கூடுதலாகக் கோபம் வருவது இரண்டாவதில்தான். முதலாவதைச் சொல்கிறவர் வெளியே நிற்கிறார். இரண்டாவதைச் சொல்கிறவர் வகுப்பறைக்குள்ளேயே நிற்கிறார்.

விஷயத்துக்கு வருவோம். இணைந்த கணிதத்தில் காவி படிப்பிக்கிறோம். பௌதிகவியலில் மின்புலம், காந்தப்புலம் படிப்பிக்கிறோம். தகவல் தொழினுட்பத்தில் பைத்தன் படிப்பிக்கிறோம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் கிடைப்பது காவிப் புலத்தின் படம். ஒவ்வொரு இடத்திலும் ஓர் அம்பு. அம்பு பார்க்கிற பக்கம் திசை, அதன் நீளம் பருமன். மின்புலமும் அப்படித்தான், வாவி நீரோட்டமும் அப்படித்தான், காற்றும் அப்படித்தான்.

இதை வரைய இலவச வசதி இருக்கிறது. மெட்பிளொட்லிப். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்சமிக்ஞைகளைப் பார்ப்பதற்காக ஜோன் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் எழுதத் தொடங்கி, 2003இல் வெளியிட்டது. 2012இல் அவர் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனதை இன்றைக்கு உலகம் முழுக்கக் காசு கொடுக்காமல் பாவிக்கிறார்கள். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம்கூடத் தேவையில்லை, பழைய கணினியே காணும். ஆகவே "வசதியில்லை" என்ற காரணம் இங்கே பாதிதான் உண்மை.

அதில் அம்பு வரைகிற சார்பின் பெயர் க்விவர். தமிழில் அம்பறாத்தூணி. நான்கு விஷயம் கேட்கும்: இடத்துக்கு எக்ஸ், வை, அம்புக்கு யூ, வீ. கொடுத்தால் படம் வரும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. நாம் எதையும் சொல்லாவிட்டால் சில முடிவுகளை அது தானாகவே எடுத்துக்கொள்ளும்.

முதலாவது, நீளம். அளவுத்திட்டம் சொல்லாவிட்டால் அம்புகளின் சராசரி நீளத்தையும் எண்ணிக்கையையும் பார்த்து அதுவே ஒன்றை வைத்துக்கொள்ளும். செக்கனுக்கு 5 மீற்றர் காற்றை வரையுங்கள். பிறகு எல்லா எண்ணையும் எட்டால் பெருக்கி 40 மீற்றராக்கி வரையுங்கள். இரண்டு படமும் ஒன்றுபோலவே வரும்! வேட்டி காயப்போடுகிற காற்றும் கூரையைப் பிய்க்கிற காற்றும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றுதான். அளவுத்திட்டத்தை நாமே நிலையாக வைத்து, க்விவர்கீ என்ற சார்பால் "இந்த நீளம் இத்தனை மீற்றர்" என்று மூலையில் ஒரு மாதிரி அம்பும் வைத்தால்தான் அது படம்.

இரண்டாவது, திசை. இயல்பாக விட்டால் யூவும் வீயும் சமமான அம்பைத் திரையில் 45 பாகையில் போடும், அச்சு எப்படி இழுபட்டிருந்தாலும் சரி. இலங்கையை எடுங்கள். நெட்டாங்கு 79.5 முதல் 82, அகலாங்கு 5.8 முதல் 9.9. வழமையான படச்சட்டம் அகலமானது, எங்கள் நாடோ உயரமானது. அந்தச் சட்டத்துக்குள் நாடு பக்கவாட்டில் இழுபடும். அப்போது வரைபடத்தில் உண்மையான வடகிழக்குத் திசை ஏறக்குறைய 25 பாகையில் கிடக்கும். அம்பு 45இல் நிற்கும். 20 பாகை பிழை, ஆனால் சிவப்பு எழுத்தில் எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு அச்சையும் சம அளவாக்கினால் இது தீரும். எங்கள் நாடு மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் ஒரு பாகை நெட்டாங்கும் ஒரு பாகை அகலாங்கும் தூரத்தில் ஏறக்குறைய சமம், எனவே அந்தத் திருத்தம் எங்களுக்கு நன்றாகவே பொருந்தும். அம்பின் நீளத்தையும் அச்சின் அலகிலேயே வரைய வேண்டுமென்றால் ஏங்கிள்ஸ், ஸ்கேல்யூனிட்ஸ் இரண்டையும் "எக்ஸ்வை" என்று மாற்றி, ஸ்கேலை 1 ஆக்க வேண்டும்.

மூன்றாவது, பெயர். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் வாப்பாமாரும் காற்று வருகிற பக்கத்தை வைத்தே பேர் சொன்னார்கள், வானிலை அவதான நிலையமும் அப்படியே எழுதுகிறது. ஆனால் அம்பு காட்ட வேண்டியது காற்று போகிற பக்கத்தை. அதோடு வானிலைக்காரர் பாகையை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணுவார், கணிதப் பாடத்தில் நாங்கள் எக்ஸ் அச்சிலிருந்து இடஞ்சுழியாக எண்ணுவோம். கச்சான் 225 பாகை, வேகம் 6 மீற்றர் என்று வையுங்கள். யூ என்பது வேகத்தை சைன் 225ஆல் பெருக்கி முன்னால் சயக்குறி போட்டது. வீக்கு அதேபோல் கோசைன். இரண்டும் ஏறக்குறைய 4.2 வரும், அம்பு வடகிழக்கைப் பார்க்கும். அந்தச் சயக்குறியை விட்டால் கச்சான் வாடையாகிவிடும். படம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

நான்காவது, பூச்சியம். அளவெடுக்காத இடத்துக்கு 0 என்று போட்டால் அங்கே சின்னப் புள்ளி வரும். பார்க்கிறவர் "அங்கே காற்றில்லை" என்றுதான் வாசிப்பார். தெரியாதது வேறு, இல்லாதது வேறு. அளவில்லாத இடம் வெறுமையாகவே இருக்க வேண்டும். இதைப் படிக்காத பிள்ளை நாளைக்கு அதிகாரியாகி, அறிக்கை வராத கிராமத்தில் பாதிப்பே இல்லை என்று எழுதும்.

ஐந்தாவது, நீளம் எப்போது அர்த்தமில்லாதது என்பது. பள்ளிவாசல்களின் கிப்லாவை உலகப் படத்தில் அம்பாகப் போட்டால் அதுவும் காவிப் புலம்தான். மட்டக்களப்பில் அது மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் ஏறக்குறைய 23 பாகை. அங்கே திசை மட்டுமே செய்தி, எல்லா அம்பும் ஒரே நீளம். அதைப் படத்தின் கீழ் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பார்ப்பவர் நீளத்துக்கும் ஒரு கதை கட்டுவார்.

"இவ்வளவும் எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: 1978 நவம்பர் 23 சூறாவளி தெரியாத குடும்பம் மட்டக்களப்பில் இல்லை. யூவுக்குச் சய வை, வீக்கு எக்ஸ் என்று கொடுத்து ஒரு படம் வரையுங்கள். இடஞ்சுழியாகச் சுற்றும் அம்புகள் வரும்; வட அரைக்கோளத்துச் சூறாவளி சுற்றுவதும் அப்படித்தான். வெளியே போகப் போக இதில் வேகம் கூடிக்கொண்டே போகும், உண்மையான சூறாவளி அப்படியில்லை. ஆனால் திசைப் பாடம் ஒன்றுதான். கிழக்கே கடலிலிருந்து வருகிற மையம் எங்கள் தலைக்கு மேலால் போகிறது என்று வையுங்கள். முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். மையம் வந்ததும் ஓயும். பிறகு தெற்கிலிருந்து அடிக்கும். காற்று ஓய்ந்ததும் கதவைத் திறந்து வெளியே வரக்கூடாது என்பதை அந்த ஒரு படத்தில் 16 வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இதைவிடப் பெரிய "பாஸ்" என்ன இருக்கிறது?

மாரி வந்தால் எங்கள் கைபேசிகளில் வின்டி செயலியின் படங்கள் பறக்கின்றன. அதுவும் காவிப் புலம்தான். கோடு ஓடுவது திசை, நிறம் வேகம். அது பெரும்பாலும் அளந்த காற்றல்ல, கணினி மாதிரி எதிர்வுகூறிய காற்று. எந்த நாள், எந்த மணி, எந்த அளவுத்திட்டம் என்று பாராமல் வெட்டி அனுப்புகிறோம், ஊர் பதறுகிறது. முகத்துவாரம் வெட்டுவதா வேண்டாமா என்று விவசாயியும் மீனவரும் வாதாடும்போதும் வாவியில் நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே கேள்வி. வெள்ளத்தில் வயலையும் வீதியையும் இழக்கிற படுவான்கரைப் பிள்ளைக்கு அம்பு வாசிக்கத் தெரிய வேண்டாம் என்றால், வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

ஆகவே ஆசிரியர்களே, கோட் கொப்பி பண்ணுவதில் தப்பில்லை. ஓட விடுவதற்கு முன் பிள்ளையிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். நீளம் எதைக் குறிக்கிறது? இரண்டு அச்சும் சமமா? திசை வருவதா போவதா? தெரியாத இடத்தை என்ன செய்தாய்? பார்ப்பவருக்கு இதையெல்லாம் படத்தில் எழுதினாயா? கணினி இல்லாத பாடசாலையில் சதுரக்கோட்டுத் தாளில் 25 அம்பு கையால் வரையட்டும். அடுத்த தவணையில் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கிப் பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், எங்கள் வகுப்புகளில் நாங்களும் இப்படியே செய்கிறோம். மாற்றுக்கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் தருகிறோம். பயன்படும் என்று நினைத்தால் உங்கள் பாடசாலைக் குழுக்களில் பகிருங்கள்.