பட்டுப்புழு வளர்த்த கேப்டன்!

‘சூரரைப் போற்று’ படத்துக்குத் தூண்டுதலாக இருந்த நிஜ மனிதர் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். விமானத்துக்கு முன்பு அவர் பட்டுப்புழு வளர்த்தவர் தெரியுமா?

8 ஆண்டு ராணுவ வாழ்க்கையில் 1971 போரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். குடும்ப நிலம் ஹேமாவதி அணைக்குப் போயிருந்தது. மாற்றாகக் கிடைத்ததோ வறண்ட பூமி. அங்கேதான் பட்டுப்புழு. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் விவசாயிகளுக்கு அந்தப் பாடு புரியும். இயற்கை முறைப் பட்டு வளர்ப்புக்காக 1996-ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

2003-ல் ஏர் டெக்கான். 1 ரூபாய்க்குக்கூட டிக்கெட்! ஆனால், நஷ்டம் துரத்த, நிறுவனம் கிங்ஃபிஷரிடம் கைமாறியது. சாமானியரும் பறக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது.

ராணுவத்திலிருந்து திரும்பும் நம்மூர் அண்ணன்களுக்கு ஏ.டி.எம் வாசல் காவலைத் தாண்டியும் வழி உண்டு. கடன் கொடுக்க பேங்க் தயாரா?