எர்துக்ருலோடு துருக்கி முடிந்துவிடவில்லை



போன வாரம் நான் வாசிக்கும் நாவலைப் பற்றி இரண்டு வரி போட்டிருந்தேன். கீழே ஒரு சகோதரர், "தற்கொலை செய்தவனின் கதையைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நீங்களா வாசிக்கிறது சேர்?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "துருக்கி என்றால் எர்துக்ருலைப் பற்றி எழுதுங்க" என்றார். இருவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

எர்துக்ருலை நானும் இரவிரவாகப் பார்த்தவன்தான். ஆனால் அது வென்றவர்களின் கதை. தோற்றவனும் அந்த மண்ணில்தானே வாழ்ந்தான்?

நாவலின் பெயர் 'துதுனாமயன்லர்'. 'பிடித்து நிற்க முடியாதவர்கள்' என்று சொல்லலாம். எழுதியவர் ஓகுஸ் அதாய், ஒரு சிவில் பொறியியலாளர், விரிவுரையாளர். 1970 இல் துருக்கி வானொலி தொலைக்காட்சி நிறுவனத்தின் பரிசு கிடைத்தது. 1971, 72 இல் நூலாக வந்தபோது கவனித்தவர்கள் குறைவு. 1977 இல், 43 வயதில் மவுத்தாகிவிட்டார். 1984 இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் துருக்கி இளைஞர்கள் இதைத் தேடித்தேடி வாசித்தார்கள்.

கதை இதுதான். துர்குத் ஒரு பொறியியலாளர். வீடு, மனைவி, இரண்டு மகள்மார், நல்ல தொழில். ஒருநாள், பழைய நண்பன் செலிம் தன்னையே மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வருகிறது. செலிமைத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான். ஒவ்வொருவரிடமும் வேறொரு செலிம் இருக்கிறான்.

தற்கொலை ஹராம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நாம் எழும்பிப் போய்விடுகிறோம். உயிரோடு இருந்தபோது அவனை யார் விசாரித்தது என்று கேட்பதில்லை. தீர்ப்புச் சொல்ல நமக்கு ஒரு நிமிடம் போதும். துர்குத்துக்கு 700 பக்கங்களும் போதவில்லை.

"விளங்காத புத்தகம்" என்பதும் ஒரு முறைப்பாடு. உண்மைதான். நீண்ட கவிதை, அதற்கு அதைவிட நீண்ட விளக்கவுரை, பக்கம் பக்கமாகப் புள்ளியோ காற்புள்ளியோ இல்லாத ஓர் அத்தியாயம். நானும் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு மனிதனை விளங்கிக்கொள்வது லேசான வேலை என்று யார் சொன்னது?

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்றில்லை. கடைசியில் துர்குத் குடும்பத்தை விட்டுப் போகிறான். அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்து எனக்குக் கோபம்தான் வந்தது. கோபப்பட்டாலும் வாசிக்கத்தான் வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருந்தான். பேசமாட்டான். ஒரு தவணையோடு வரவில்லை. இடாப்பில் 'இடைவிலகல்' என்று எழுதினேன். வீடு தேடிப் போகவில்லை. அந்த வருடம் 9 ஏ எடுத்த பிள்ளைகளோடு படம் பிடித்துப் போட மட்டும் எனக்கு நேரம் இருந்தது. அவன் ஏன் நின்றான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த நாவலை வாசிக்கும்போது அவன் முகம்தான் வந்து வந்து போனது.

பெறுபேறு வந்தால் பெனர் அடிக்கிறோம். அடியுங்கள், தவறில்லை. ஆனால் பெனரில் பெயர் வராத பிள்ளையின் வீட்டுக் கதவையும் அன்றைக்கே ஒருதரம் தட்டுங்கள். செலிமின் கதவைத் துர்குத் தட்டியபோது உள்ளே செலிம் இல்லை.